35 நாள் சட்டமும் ஐந்தாண்டுத் திட்டமும்

2006 நவம்பர் 21 அன்று நேபாளப் பிரதமர் கிரிஜா பிரசாத் கொய்ராலாவும் மாவோயிஸ்ட் தலைவர் பிரசண்டாவும் விரிவான அமைதி உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். பத்தாண்டு உள்நாட்டுப் போர் முடிவுக்கு வந்தது. ஏறத்தாழ 17,000 பேர் இறந்திருந்தார்கள். 1,300-க்கும் அதிகமானோர் என்ன ஆனார்கள் என்றே தெரியவில்லை. மாவோயிஸ்ட் படையில் ஐந்தில் ஒருவர் பெண். ஐ.நா. குழு பிறகு சரிபார்த்த கணக்கில் 19,602 பேரில் 3,846 பேர் பெண்கள். ஆனால் உடன்படிக்கையைப் பேசி முடித்த இரு தரப்புக் குழுக்களிலும் ஒரு பெண்கூட இல்லை.

இப்படி நடக்கக் கூடாது என்று அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே ஐ.நா. பாதுகாப்பு அவை சொல்லியிருந்தது. 2000 அக்டோபர் 31 அன்று ஒருமனதாக நிறைவேறிய 1325ஆம் தீர்மானம், அமைதிப் பேச்சில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்றது. போர்க்காலப் பாலியல் வன்முறையிலிருந்து அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றது. முகாம் அமைப்பதிலும் படைகளைக் கலைப்பதிலும் அவர்களுடைய தேவைகளைக் கணக்கில் எடுக்கச் சொன்னது. 2008இல் வந்த 1820ஆம் தீர்மானம், பாலியல் வன்முறை போர் உத்தியாகவே பயன்படுவதைத் தனியாகக் கண்டித்தது. நியூயார்க்கில் எழுதியதை ஊருக்குள் கொண்டுவர ஒவ்வொரு நாடும் வகுத்துக்கொள்வதுதான் தேசியச் செயல்திட்டம். 2005இல் டென்மார்க் தொடங்கிவைத்தது; இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகளிடம் இருக்கிறது. இலங்கை 2023இல் தன் முதல் திட்டத்தை ஏற்றது. 2007இல் லைபீரியாவுக்கு முழுவதும் பெண்களே கொண்ட காவல் படைப்பிரிவை அனுப்பிப் பெயர் வாங்கிய இந்தியாவிடம் இப்படியொரு திட்டம் இல்லை. தன் மண்ணில் நடப்பதைப் போர் என்று ஏற்காத அரசிடம் எதிர்பார்க்கவும் முடியாது.

தெற்காசியாவில் முந்திக்கொண்டது நேபாளம்தான். 2011 பிப்ரவரியில் அது ஏற்ற ஐந்தாண்டுத் திட்டம் தலைநகரில் நாலு அதிகாரிகள் உட்கார்ந்து எழுதியதல்ல. 50-க்கும் மேற்பட்ட மாவட்டங்களில் கூட்டம் போட்டார்கள். போரில் நேரடியாகப் பாதிக்கப்பட்ட பெண்களைத் தனியாக அழைத்துக் கேட்டார்கள். பங்கேற்பு, பாதுகாப்பு, விழிப்புணர்வு, நிவாரணம், நிதியும் கண்காணிப்பும் என்று ஐந்து தூண்கள். அமைதி மற்றும் மறுசீரமைப்பு அமைச்சகம் பொறுப்பேற்றது. ஐந்தில் சீக்கிரம் பலன் தந்தது பங்கேற்பு. காரணம், அதற்கான அடித்தளம் திட்டத்துக்கு முன்பே விழுந்துவிட்டது. 2006 மே மாதமே நாடாளுமன்றம் அரசு அமைப்புகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று தீர்மானம் போட்டிருந்தது. 2008இல் கூடிய அரசியல் நிர்ணய சபையின் 601 உறுப்பினர்களில் 197 பேர் பெண்கள். இவர்களில் தொகுதியில் நேரடியாக வென்றவர்கள் 30 பேர்தான். கட்சிப் பட்டியல் வழியாக வந்தவர்கள் 161 பேர், மிச்சம் நியமனம்.

2017 உள்ளாட்சித் தேர்தல் இன்னும் சுவாரசியமானது. தலைவர், துணைத் தலைவர் இரண்டு பதவிக்கும் ஆள் நிறுத்தும் கட்சி, அதில் ஒருவரைப் பெண்ணாக நிறுத்த வேண்டும் என்றது சட்டம். விளைவு, 753 உள்ளாட்சிகளில் பெரும்பாலான துணைத் தலைவர்கள் பெண்கள். தலைவர்களான பெண்கள் 18 பேர் மட்டும். இதில் எதிர்பாராத நன்மையும் ஒன்று உண்டு. அரசியல் சட்டப்படி உள்ளூர் நீதிக் குழுவுக்குத் துணைத் தலைவரே தலைமை. குடும்பச் சண்டை, வரப்புத் தகராறு, கூலி பாக்கி எல்லாம் அந்தப் பெண்ணின் முன்னால்தான் வந்து நின்றன. 2022இல் கட்சிகள் ஓட்டையைக் கண்டுபிடித்தன. கூட்டணி வைத்து, தலைவர் பதவி உனக்கு, துணைத் தலைவர் எனக்கு என்று பிரித்துக்கொண்டால் ஒரு கட்சி ஒரு வேட்பாளரைத்தானே நிறுத்துகிறது? பெண் துணைத் தலைவர்களின் எண்ணிக்கை இறங்கியது.

இவ்வளவும் நாற்காலிக் கணக்கு. திட்டம் யாரைக் கூட்டத்துக்குத் தனியாக அழைத்ததோ அவர்கள் கதை வேறு. போருக்குப் பிறகு இடைக்கால நிவாரணம் என்று அரசு பணம் கொடுத்தது. கொல்லப்பட்டவர் குடும்பம், காணாமற்போனவர் குடும்பம், ஊனமுற்றவர், கடத்தப்பட்டவர், இடம்பெயர்ந்தவர் ஆகியோர் பட்டியலில் இருந்தார்கள். இறந்தவர் குடும்பத்துக்கான தொகை படிப்படியாக 10 லட்சம் நேபாள ரூபாய் வரை உயர்ந்தது. அந்தப் பட்டியலில் வல்லுறவுக்கு ஆளானவர் இல்லை. சித்திரவதை செய்யப்பட்டவரும் இல்லை. பர்தியா மாவட்டத்தில் கணவனைப் படையினர் இழுத்துப்போன தாரு இனப் பெண் அவன் பெயரால் உதவி பெறலாம். அதே படையினர் தனக்குச் செய்ததை எழுத அவளுக்கு விண்ணப்பத்தில் இடம் கிடையாது.

நீதிமன்றத்துக்குப் போகலாமே என்றால் அங்கே இன்னொரு கதவு பூட்டியிருந்தது. வல்லுறவு நடந்து 35 நாளுக்குள் புகார் தர வேண்டும் என்றது அப்போதைய நேபாளச் சட்டம். புகாரை வாங்க வேண்டிய காவலரோ, இல்லை ஊரை ஆளும் கிளர்ச்சியாளரோதான் குற்றவாளி என்ற காலத்தில் 35 நாள்! இதை எதிர்த்து வழக்குப் போட்டவர், அப்போது வழக்கறிஞராக இருந்து பிறகு உச்ச நீதிமன்ற நீதிபதியான சபனா பிரதான் மல்ல. 2008இலேயே நீதிமன்றம் சட்டத்தைத் திருத்தச் சொல்லிவிட்டது. அரசு 2015இல் ஆறு மாதமாக்கியது, 2018இல் ஓர் ஆண்டு, 2022இல் இரண்டு ஆண்டு. முதல் செயல்திட்டம் ஓடிய காலத்தின் பெரும்பகுதி அந்த 35 நாள் சட்டம்தான் நடப்பில் இருந்தது. ஒரு கையில் பாதுகாப்பு என்ற தூணை நட்டு, மறு கையில் அதைச் சாய்த்துக்கொண்டிருந்த அரசு அது.

போர்க்கால மீறல்களை விசாரிக்க 2015இல் அமைந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்துக்கு 63,000-க்கும் அதிகமான புகார்கள் வந்தன. அவற்றில் பாலியல் வன்முறை பற்றியவை ஏறத்தாழ 300. குற்றம் அவ்வளவுதான் நடந்தது என்று யாரும் நம்பவில்லை. புகாரை வாங்கியவர்கள் உள்ளூர் அமைதிக் குழுவினர். கட்சிகள் நியமித்த, ஊரெல்லாம் தெரிந்த ஆட்கள். மாமனாருக்குத் தெரிந்தவரிடம் எந்த மருமகள் இதை எழுதிக் கொடுப்பாள்?

முதல் திட்டம் 2016இல் முடிந்தது. அமைதி அமைச்சகமே 2018இல் கலைக்கப்பட்டு, வேலை உள்துறைக்குப் போனது. இரண்டாவது திட்டம் 2022 ஆகஸ்டில்தான் வந்தது; நடுவில் ஆறு ஆண்டுகள் வெறுமை. தாமதித்தாலும், போர்க்காலப் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களை மையத்தில் வைத்தது இந்தத் திட்டம். பிறகு 2024 ஆகஸ்டில், நிலைமாற்று நீதிச் சட்டத்தின் திருத்தம் வல்லுறவையும் கடுமையான பாலியல் வன்முறையையும் மன்னிப்பு வழங்க முடியாத மீறல்களின் பட்டியலில் சேர்த்தது. முன்பு புகார் தராத பெண்கள் தரவும் வழி திறந்தது. அதற்குக் கொடுத்த அவகாசம் மூன்று மாதம்.