பனிக்காலத்தில் கேஸ் மீட்டர்: செல்போன் சொல்லாத எச்சரிக்கை

அமெரிக்காவின் வட மாநிலங்களுக்கு வேலைக்கு வரும் நம்மவர்கள் முதல் வாரத்திலேயே வீட்டுத் தெர்மோஸ்டாட்டைச் செல்போனுடன் இணைத்துவிடுகிறார்கள். அலுவலகத்தில் இருந்தபடியே வீட்டின் வெப்பத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் அந்த வெப்பத்துக்கான எரிவாயுவை அளக்கும் மீட்டர், வெளிச்சுவரில் பனிக்கு நடுவே நிற்கிறது. அதை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. நான் மிச்சிகனில் சாஃப்ட்வேர் இன்ஜினியராக இருக்கிறேன். இங்கு புதிதாக வருபவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி இது: "மைனஸ் 20 டிகிரியில் மீட்டர் உறைந்து போகாதா?"

உறைவது எது?

குழாயில் வருவது இயற்கை எரிவாயு. அதில் பெரும்பகுதி மீத்தேன். மீத்தேன் திரவமாக வேண்டுமானால் சுமார் மைனஸ் 161 டிகிரி செல்சியஸ் குளிர் வேண்டும். எனவே எந்த ஊர்க் குளிரிலும் மீட்டருக்குள் எரிவாயு உறையாது. மீட்டரும் வெளியில் நிற்பதற்காகவே செய்யப்பட்டது. அதற்குப் போர்வையோ உறையோ தேவையில்லை.

கவலைப்பட வேண்டிய பாகம் மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ரெகுலேட்டர். தட்டு போல வட்டமாக இருக்கும். நம் ஊரில் சிலிண்டரின் தலையில் மாட்டும் ரெகுலேட்டரின் வேலைதான் இதற்கும். தெருக் குழாயில் எரிவாயுவின் அழுத்தம் பல இடங்களில் 60 பிஎஸ்ஐ வரை இருக்கும். கார் டயரின் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு இது. அடுப்புக்கும் ஃபர்னஸுக்கும் தேவைப்படுவதோ சுமார் கால் பிஎஸ்ஐ மட்டுமே. இந்த இறக்கத்தைச் செய்வது ரெகுலேட்டருக்குள் இருக்கும் டயாபிரம் என்ற ரப்பர் சவ்வும் ஒரு ஸ்பிரிங்கும்.

டயாபிரம் மேலும் கீழும் அசைய வேண்டுமானால் அதன் மறுபக்கத்தில் வெளிக்காற்று தாராளமாக வந்து போக வேண்டும். அதற்காக ஒரு சிறு துளை உண்டு. இதை வென்ட் என்பார்கள். பொதுவாகக் கீழ்நோக்கி, வலை மூடியுடன் இருக்கும். பல ரெகுலேட்டர்களில் அழுத்தம் மிஞ்சினால் எரிவாயுவை வெளியேற்றுவதும் இதே துளைதான். இது பனிக்கட்டியால் அடைபட்டால் டயாபிரம் சரியாக அசையாது. அழுத்தம் குறைந்து ஃபர்னஸ் அணையலாம். அழுத்தம் எகிறினால் தீ விபத்து வரை போகலாம். இந்த ஆபத்து பற்றி அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் குழாய்ப் பாதுகாப்புப் பிரிவு 2011லும் 2016லும் எச்சரிக்கை அறிவிப்புகள் வெளியிட்டது.

மீட்டர் அனுப்பும் தகவலில் என்ன இருக்கிறது?

"மீட்டர்தான் ரேடியோவில் பேசுகிறதே, கோளாறு இருந்தால் சொல்லாதா?" என்று நீங்கள் கேட்கலாம். பல வீடுகளில் மீட்டரின் முகப்பில் பேட்டரியில் இயங்கும் ஒரு ரேடியோ பெட்டி இருக்கும். இது 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அளவீட்டை ஒலிபரப்பும். ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற யுஎஸ்பி டாங்கிளும் ஆர்டிஎல்ஏஎம்ஆர் என்ற இலவச மென்பொருளும் இருந்தால், இந்த வகை மீட்டர்கள் பலவற்றை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே படிக்கலாம். உங்கள் மீட்டரை மட்டும் படியுங்கள்.

அந்தத் தகவலில் வழக்கமாக இருப்பவை: மீட்டரின் எண், வகை, யாராவது கைவைத்தார்களா என்ற குறிப்பு, இதுவரை ஓடிய அளவு. ரெகுலேட்டரின் அழுத்தமோ வென்ட்டின் நிலையோ அதில் இல்லை. புதிய அல்ட்ராசோனிக் மீட்டர்கள் சிலவற்றில் மூடும் வால்வு உண்டு. ஆனால் பனிக்கட்டியை அகற்ற அவற்றாலும் முடியாது. இந்த வேலைக்கு உங்கள் கண்ணும் ஒரு துடைப்பமும்தான் வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. பனி பெய்து ஓய்ந்ததும் மீட்டர், ரெகுலேட்டர், குழாய்கள் மேல் உள்ள பனியைக் கையாலோ மென்மையான துடைப்பத்தாலோ தட்டிவிடுங்கள். ஷவலால் கொத்தாதீர்கள். காலால் உதைக்காதீர்கள்.

2. பனிக்கட்டி கெட்டியாகப் பிடித்திருந்தால் சுத்தியல், வெந்நீர், தீ, உப்பு எதுவும் வேண்டாம். வெந்நீர் மீண்டும் உறைந்து துளையை அடைக்கும். உப்பு இரும்பை அரிக்கும். எரிவாயு நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்.

3. மேலே பாருங்கள். கூரைத் தண்ணீர்க் குழாய் ஒழுகி மீட்டர் மேல் சொட்டினால், பகலில் உருகுவது இரவில் கட்டியாகிவிடும். தூள் பனியைவிட இது மோசம். வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் உடனே சொல்லி, ஒழுகலைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

4. ஸ்னோ புளோயர் ஓட்டும்போது பனியை மீட்டர் பக்கம் வீசாதீர்கள். மீட்டர் பனியில் புதைந்துவிடும் இடமாக இருந்தால் பக்கத்தில் ஒரு கொடிக் கம்பை நட்டு வையுங்கள்.

5. பழைய வீடுகள் சிலவற்றில் மீட்டர் நிலவறையில் இருக்கும். அங்கும் ரெகுலேட்டரின் வென்ட் குழாய் வெளியேதான் முடியும். அதைத் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு குழாய்கள்

வெளியே போனதும் போனீர்கள், ஃபர்னஸின் வெள்ளை பிவிசி குழாய்களையும் பார்த்துவிடுங்கள். காற்றை உள்ளிழுப்பது ஒன்று, புகையை வெளியேற்றுவது மற்றொன்று. இவை பனியால் மூடினால் பெரும்பாலான புதிய ஃபர்னஸ்கள் தாமாகவே நின்றுவிடும். அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். புகை வெளியேறாமல் போனால் வீட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு சேரலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொல்லக்கூடியது. ஒவ்வொரு மாடியிலும், படுக்கையறைகளுக்கு அருகிலும் கார்பன் மோனாக்சைடு டிடெக்டர் வையுங்கள். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

அழுகிய முட்டை வாடை வந்தால்

கசிவு தெரிவதற்காகவே இந்த வாடையை எரிவாயுவில் சேர்க்கிறார்கள். வாடை வந்தால் விளக்கு சுவிட்சைத் தொடாதீர்கள், வீட்டுக்குள் இருந்து போன் பண்ணாதீர்கள். எல்லோரையும் அழைத்துக்கொண்டு வெளியேறி, தள்ளிப் போய் நின்று 911ஐ அல்லது எரிவாயு நிறுவனத்தின் அவசர எண்ணை அழையுங்கள். மூடப்பட்ட வால்வை நீங்களாகத் திறக்கக் கூடாது. அதை நிறுவனத்தின் ஆள்தான் வந்து திறக்க வேண்டும்.

அந்த அவசர எண் உங்கள் பில்லிலேயே இருக்கும். இன்றே வீட்டில் உள்ள எல்லோருடைய செல்போனிலும் பதிவு செய்துவிடுங்கள்.