பத்து நாழிகை வழி

தொலைவைக் காலத்தால் அளத்தல் தமிழர்க்குப் புதிதன்று. ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். அந்நேரத்தில் ஒருவர் நடந்து கடக்கும் தொலைவை ‘நாழிகை வழி’ என்றனர். அஃது ஏறக்குறைய ஒன்றரை மைல். மனிதன் கால்நடையே அளவுகோலாக இருந்தவரை இதில் குழப்பமில்லை. ஊர்தி மாறியபோது கணக்கும் மாறிற்று.

சிங்கப்பூரின் வடகோடியில் உள்ள செம்பவாங்கில், பிரிட்டிஷார் 1971-இல் வெளியேறும் வரை, அவர்தம் கடற்படைத் தளத்தில் தமிழரும் மலையாளிகளும் பலர் பணிபுரிந்தனர். அக்காலத்தில் ‘ரஜூலா’ போன்ற கப்பல்கள் நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடின. பயணம் ஏறத்தாழ ஒரு வாரம். தாய் இறந்தாள் எனத் தந்தி வந்த அன்றே கப்பலேறினாலும் பதினாறாம் நாள் சடங்குக்கே போய்ச் சேரலாம். முகத்தைக் காண இயலாது.

இன்றோ இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 2,900 கிலோமீட்டரை விமானம் நான்கு மணியில் கடக்கிறது. அதாவது பத்து நாழிகை. காலால் நடந்தால் பத்து நாழிகையில் பதினைந்து மைலே செல்லலாம்!

ஆயினும், கால அட்டவணையைப் பார்க்கும் மாணவர் திகைப்பர். சிங்கப்பூரில் காலை 9 மணிக்குப் புறப்படும் விமானம் சென்னையில் 10.30-க்கு இறங்குகிறது. சென்னையில் 9 மணிக்குப் புறப்படுவது சிங்கப்பூரில் பிற்பகல் 3.30-க்கு இறங்குகிறது. போக ஒன்றரை மணி, வர ஆறரை மணியா? அன்று. அட்டவணை அவ்வவ்வூர் மணியையே காட்டும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்குக: 4 மணி, இதுவே பயண நேரம். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துப் பாதியாக்குக: இரண்டரை மணி, இது கடிகார வேறுபாடு. காற்றின் போக்கால் பயண நேரம் சற்றுக் கூடலாம், குறையலாம்.

இவ்விரண்டரை மணியும் ஞாயிறு வகுத்ததன்று. புவி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகும். இரு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ இருபத்துமூன்றரைப் பாகை; எனவே ஞாயிற்றின்படி வேறுபாடு 94 நிமிடமே, அஃதாவது நான்கு நாழிகைக்குச் சற்றுக் குறைவு. எஞ்சியது அரசுகள் வகுத்தது. 1981 வரை வேறுபாடு இரண்டு மணியாகவே இருந்தது. 1982 சனவரி முதல் நாள் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரைமணி முன்தள்ளியது.

எனவே தொலைவு, பயண நேரம், கடிகார வேறுபாடு ஆகிய மூன்றையும் ஆசிரியர்கள் தனித்தனியே கற்பித்தல் வேண்டும். “உடலை எத்தனை மணி வரை வைத்திருக்கலாம்?” என்று ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்கும்போது, செம்பவாங்கில் இருக்கும் மகன் பிழையின்றி விடை சொல்ல வேண்டுமன்றோ?