ஒட்டுத்தோலின் நிலை சொல்லும் கெரட்டின்

கெரட்டின் என்றால் முடியும் நகமும்தான் நினைவுக்கு வரும். உண்மையில் அது ஒரே புரதம் அல்ல, ஒரு பெரிய குடும்பம். மனித உடலில் 54 மரபணுக்கள் தனித்தனிக் கெரட்டின்களை உருவாக்குகின்றன. அமில வகையில் ஒன்றும் கார வகையில் ஒன்றும் இணைசேர்ந்தால்தான் செல்லுக்குள் இழை உருவாகும். எந்த இணை எந்த அடுக்கில் இருக்கும் என்பதில் தோல் மிகக் கறாரானது. ஆய்வகத்தில் வளர்த்த தோலைச் சோதிக்க அந்தக் கறார்தான் உதவுகிறது.

மேல்தோலின் அடியடுக்கில் பிரிந்து பெருகும் செல்களில் கெரட்டின் 5, 14 இருக்கும். பிரிவதை நிறுத்திவிட்டு மேலே ஏறத் தொடங்கிய செல்களில் கெரட்டின் 1, 10 தோன்றும். வளர்த்த தோலை மெல்லிய சீவலாக வெட்டி, ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருள்களைச் சேர்த்து நுண்ணோக்கியில் பார்த்தால், ஒவ்வொரு கெரட்டினும் தன் நிறத்தில் தெரியும். கெரட்டின் 10 தென்படவே இல்லையென்றால் செல்கள் இன்னும் முதிரவில்லை.

கெரட்டின் 6, 16 ஆகியவற்றின் கதை வேறு. முடிக்கால்களுக்கு இடைப்பட்ட நலமான மேல்தோலில் இவை அநேகமாக இருப்பதில்லை, காயம்பட்டதும் பெருகும். புதிதாக ஒட்டிய தோலில் இவை தெரிவது இயல்பே. நாளடைவில் அடங்க வேண்டும். அடங்காவிட்டால், கண்ணுக்கு ஆறியதுபோலத் தெரிந்தாலும் அந்தத் திசு இன்னும் காயம்போலவே நடந்துகொள்கிறது.

ஆய்வகத்தில் தோல் வளர்க்க வழி திறந்த கதை இது: 1975இல் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜேம்ஸ் ரைன்வால்ட், ஹோவர்ட் கிரீன் இருவரும் மனித மேல்தோல் செல்களைப் பெருக்கும் வழியைக் கண்டனர். உடலில் 95 விழுக்காட்டுக்கும் மேல் வெந்துபோன இரு சிறுவர்களின் உயிரை இம்முறையில் வளர்த்த தோல் காத்த செய்தி 1984இல் வெளியானது. தாள்களாக வளர்த்த அந்தத் தோலில் மேல்தோல் மட்டுமே இருந்தது. அதற்குக் கீழே உள்ள அடித்தோலையும் சேர்த்து உருவாக்கும் முறைகள் பிறகு வளர்ந்தன.

அடித்தோலுக்கு உள்ள செல்வாக்கைக் காட்டுவது கெரட்டின் 9. உள்ளங்கை, உள்ளங்காலின் தடித்த தோலுக்கே உரியது இது. உடலின் வேறு பகுதியிலிருந்து எடுத்த மேல்தோல் செல்களை உள்ளங்கால் அடித்தோலின் நார்ச்செல்களோடு வளர்த்தபோது, அவையும் கெரட்டின் 9ஐ உருவாக்கின. பாதத்துக்கு ஒட்டு தயாரிப்போர் மறக்கக் கூடாத உண்மை இது.

ஆனால் கெரட்டின் மட்டும் பார்த்துத் தோல் தயார் என்று சொல்லிவிட முடியாது. மேல்தோல் கீழே இறுகப் பற்றியிருக்கிறதா என்பதை லாமினின் 332, கொலாஜன் 7 ஆகிய புரதங்களைக் கொண்டு தனியே பார்க்க வேண்டும்.