வாட் என்று ஒரு குடும்பப் பெயர்

அட்மிஷன் பாரத்தில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அப்பாவிடம் கேட்டேன். "நமக்கேதுடா அதெல்லாம்? என் பேர்ல முதல் எழுத்தைப் போட்டுக்க" என்றார்.

நண்பர்களே, நமக்கு நன்கு பழக்கமான ஒரு குடும்பப் பெயர் 'வாட்'. ஜேம்ஸ் வாட் 1736-ல் ஸ்காட்லாந்தின் கிரீனாக் ஊரில் பிறந்தவர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அவர் மாணவரல்ல, கருவிகள் செய்து பழுது பார்த்தவர். ரிப்பேருக்கு வந்த நியூகோமன் எஞ்சின் மாடலில், ஒவ்வொரு வீச்சுக்கும் சிலிண்டரே குளிர்ந்து சூடாவதால் நீராவி வீணாவதைக் கண்டார். கண்டென்சரைத் தனியாக வைத்தார். 1769-ல் காப்புரிமை கிடைத்தது.

1882-ல் வில்லியம் சீமென்ஸ் சொன்ன யோசனைப்படி அவர் பெயர் திறனின் அலகானது. நம் விடுதி பல்பிலும் அதுதான் இருக்கிறது. நிலாவில் ஒரு பள்ளத்துக்கும் அதே பெயர். எடின்பரோவின் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகம், 1821-ல் தொழிலாளிகளுக்கு மாலை வகுப்பு நடத்திய பள்ளியாகத் தொடங்கியது. 1935-ல் ரேடியோ அலையால் விமானத்தைக் கண்டறிந்து காட்டிய ராபர்ட் வாட்சன்-வாட்டும் ஸ்காட்லாந்துக்காரரே.

ஒரு மெக்கானிக்கின் பெயர் இவ்வளவு தூரம் போயிருக்கிறது! எனக்கு இருப்பது ஒரே ஒரு இனிஷியல். கைநாட்டு வைக்கும் என் அப்பாவின் எழுத்து அது. டிப்ளமோ சர்டிபிகேட்டில் அதுவும் அச்சாகும்.