நரம்புக்கு 48 மணி நேரக் கெடு கிடையாது

தைத்துச் சேர்த்த நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளர்கிறது. மாதத்துக்கு ஓர் அங்குலம். தையல் இடத்தைத் தாண்டவே முதலில் சில வாரங்கள் போய்விடும். மணிக்கட்டில் கண்ணாடியோ கரும்பு வெட்டும் கத்தியோ பட்டு அறுந்த நரம்பு, கட்டைவிரலின் அடித்தசையை எட்ட மூன்று, நான்கு மாதம் பிடிக்கும். அக்குள் பக்கம் அறுந்ததென்றால் விரல்களை விரிக்கும் சிறு தசைகள்வரை அரை மீட்டருக்கு மேல் தூரம். அதைக் கடக்க ஒன்றரை ஆண்டு. நரம்புத் தொடர்பை இழந்த தசையோ 12 முதல் 18 மாதத்துக்குள் மீட்க முடியாதபடி சுருங்கி நாராகிவிடுகிறது. அதன் பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் வேலை செய்யத் தசை இருக்காது. தொடு உணர்வுக்கு இந்தக் கெடு இவ்வளவு கண்டிப்பானதில்லை; தாமதமாகச் சேர்த்தாலும் ஓரளவு திரும்பும்.

கெடு மாதக் கணக்கில் இருக்க, வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் எண் 48. விபத்து நடந்து 48 மணி நேரத்துக்குள் நரம்பைச் சேர்க்காவிட்டால் கை போனதுதானா என்று கேட்கிறார்கள். இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று ஊகிப்பது கடினமில்லை. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. 81 வகைச் சிகிச்சைகள், தொடங்கியபோது ரூ.1 லட்சம் வரை. உயிர் பிழைக்க வைக்கும் திட்டம் என்ற அளவில் அதைக் குறைசொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த 48, பில்லை எதுவரை அரசு கட்டும் என்பதற்கான எல்லை மட்டுமே. விளம்பரப் பலகைகள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

கத்தி, கண்ணாடியால் ஏற்பட்ட சீரான வெட்டை அன்றே அல்லது சில நாட்களுக்குள் தைப்பது நல்லது. பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டு, தோள் தரையில் மோதி, கழுத்து மறுபக்கம் இழுபட்டால் கதை வேறு. கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புப் பின்னல் அப்போது இழுபடுகிறது, சில சமயம் தண்டுவடத்திலிருந்தே பிய்ந்துவிடுகிறது. வெறும் இழுபாடாக இருந்தால் தானாகத் திரும்ப வாய்ப்பு உண்டு என்பதால் மருத்துவர்கள் மூன்று மாதம்வரைகூடக் காத்திருந்து பார்ப்பார்கள். திரும்பவில்லை என்றால் ஆறு மாதத்துக்குள் அறுவை சிகிச்சை முடிந்திருக்க வேண்டும்.

தண்டுவடத்திலிருந்து பிய்ந்த நரம்பைத் தைக்க மறுமுனை கிடையாது. அதற்கு வேறு நரம்பைக் கடன் வாங்குகிறார்கள். விலா எலும்புகளுக்கு இடையே ஓடி மூச்சுக்கு உதவும் நரம்புகளில் இரண்டு, மூன்றை எடுத்து, முழங்கையை மடக்கும் தசைக்குப் போகும் நரம்போடு இணைப்பது ஒரு முறை. இணைப்பு தசைக்கு அருகிலேயே இருப்பதால் வளர வேண்டிய தூரம் குறைகிறது. 18 மாதக் கெடுவுக்குள் நரம்பு போய்ச் சேர்கிறது. வியப்பு அதன் பிறகுதான். நரம்பு தசையை எட்டிய முதல் வாரங்களில் நோயாளி ‘மடங்கு’ என்று எவ்வளவு நினைத்தாலும் முழங்கை அசையாது. ஆழமாக மூச்சு இழுத்தால், அல்லது இருமினால், தசை துடிக்கும். அந்த நரம்பு மூளையில் இன்னும் மார்புக்கான பகுதியின் ஆணைக்கே கட்டுப்பட்டிருக்கிறது.

உடற்பயிற்சி இங்கே செய்வது தசையைப் பெருக்கும் வேலை இல்லை. மூச்சை இழு, அதே நொடியில் முழங்கையை மடக்க நினை, நல்ல கையையும் சேர்த்து மடக்கு. இதை நாள்தோறும் பல தடவை, பல மாதம் செய்ய வேண்டும். மெல்ல மெல்ல மூச்சின் துணை தேவைப்படாமல் போகிறது. தலைக்கு மேல் காந்தத் தூண்டல் கொடுத்துப் பார்த்த சோதனைகளில், அந்தத் தசைக்கான ஆணை மூளையில் மார்புப் பகுதியிலிருந்து கைப் பகுதிக்கு இடம் மாறியது தெரிந்திருக்கிறது. முழுவதுமாக மாறுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நன்றாகத் தேறியவர்களில் பலருக்குக்கூட பலமாகத் தும்மினால் கை தன்னால் துள்ளும்.

1994-ல் பிரெஞ்சு மருத்துவர் ஒபெர்லின் வெளியிட்ட முறை இன்னொரு கடன். விரல்களுக்குப் போகும் நரம்பிலிருந்து ஒரு சிறு கற்றையைப் பிரித்து அதே முழங்கைத் தசைக்குக் கொடுத்தார். அங்கே பாடம் வேறு: கையை இறுக மூடிக்கொண்டே முழங்கையை மடக்கப் பழக வேண்டும்.

கவலைக்குரிய இடமும் இதுதான். எந்த நரம்பு எங்கே இணைக்கப்பட்டது என்று தெரியாத பிசியோதெரபிஸ்ட்டால், எந்த அசைவைக் கொண்டு பயிற்சியைத் தொடங்குவது என்று அறிய முடியாது. மூச்சால் இயங்கும் தசைக்கு வெறுமனே ‘எடை தூக்கு’ என்று சொன்னால் பயனில்லை. இத்தகைய அறுவை சிகிச்சை கோவை கங்கா மருத்துவமனை, சென்னை ஸ்டான்லி, வேலூர் சி.எம்.சி. போன்ற சில இடங்களில்தான் நடக்கிறது. திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலைக்காரர் தையல் பிரித்ததும் ஊருக்குத் திரும்பிவிடுவார். அறுவைக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உதவும். அதன் பிறகான ஒன்றரை ஆண்டுப் பயிற்சிதான் அந்தரத்தில் நிற்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும் உண்டு. ஆனால் கோடிக் கணக்கில் அறிவிக்கப்படும் பயனாளிகளில் பெரும்பாலோர் ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மாத்திரை வாங்குபவர்கள். ஒருமுறை வந்து போவதும் கணக்கில் ஒன்றுதான், ஓராண்டு தொடர்ந்து வருவதும் ஒன்றுதான். டிஸ்சார்ஜ் சம்மரியில் நரம்பின் பெயர் எழுதியிருக்கிறதா என்று பார்த்து, எழுதாவிட்டால் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புவது நோயாளியின் கையில் இருக்கிறது.

நேராகத் தைத்த நரம்பிலும் இதே சிக்கல் சிறிய அளவில் உண்டு. வளரும் இழைகள் தவறான விரலுக்கும் போகும். ஆள்காட்டி விரலைத் தொட்டால் நடுவிரல் கூசும். கேழ்வரகு, உளுந்து, கல்லுப்பு, முரட்டுத் துணி ஆகியவற்றை முதலில் பார்த்தபடியும் பிறகு கண்ணை மூடியும் தடவிக் கண்டுபிடிக்கும் பயிற்சி, மூளைக்குப் புதிய வரைபடத்தைக் கற்றுக்கொடுக்கிறது.

நரம்பை மீட்க வழியே இல்லாதபோது தசைநாணை இடம் மாற்றும் வழி இருக்கிறது. அது வளர்ந்த மண் வேலூர். 1914-ல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்த பால் பிராண்ட், 1946-ல் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போனவர்களுக்கு முன்கைத் தசைகள் வலுவாகவே இருப்பதைச் செங்கல்பட்டில் கண்டு, அவற்றின் நாண்களை விரல்களுக்கு மாற்றிப் பொருத்தினார். அங்கும் பழைய அசைவைச் செய்துதான் புதிய அசைவைப் பழக வேண்டியிருந்தது.

உடற்பயிற்சி நரம்பின் வளர்ச்சியையே வேகப்படுத்துமா? எலிகளில் ஆம். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் நரம்பை வெட்டிச் சேர்த்த எலிகளை டிரெட்மில்லில் நடக்கவிட்டபோது இழைகள் கூடுதல் தூரம் வளர்ந்தன. நரம்பணுக்கள் சுரக்கும் ஒரு வளர்ச்சிப் புரதமே காரணம். அதைச் சுரக்க முடியாத எலிகளில் பலன் இல்லை. ஆண் எலிக்கு நிதானமான தொடர் நடை பலித்தது. பெண் எலிக்கு இடைவிட்ட சிறு ஓட்டங்கள்தான் பலித்தன. எலியின் காலில் நரம்புக்குத் தூரம் சில சென்டிமீட்டர். மனிதரில் இதே அளவு உறுதியான சான்று இன்னும் இல்லை. ‘நரம்பை வளர்க்கும் பயிற்சி’ என்று பலகை வைத்திருப்பவர்கள் எலியின் முடிவை மனிதருக்கு விற்கிறார்கள்.

மற்றக் கேள்விகள் சுருக்கமாக.

முதல் மூன்று வாரம் கட்டைப் பிரித்துப் பயிற்சி செய்யலாமா? கூடாது, தையல் நூல் தலைமுடியைவிட மெல்லியது.

அதன் பிறகு தசை அசையாதபோது எதற்குப் பயிற்சி? மூட்டு இறுகிவிட்டால் நரம்பு வந்தும் விரல் மடங்காது. மற்றொரு கையால் நாள்தோறும் மடக்கி நீட்ட வேண்டும்.

கரண்ட் வைப்பது பலன் தருமா? செயலிழந்த தசைக்கு மாதக் கணக்கில் வைப்பதற்குச் சான்று பலவீனம். அறுவை முடிந்த கையோடு நரம்புக்கு ஒரு மணி நேரம் கொடுக்கும் தூண்டல் வேறு, அதைச் சில நாடுகளில் மனிதரிடம் சோதித்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள்.

பி12 மாத்திரை? உடலில் குறைபாடு இருந்தால் வேண்டும்.

நரம்பு வளர்கிறது என்று எப்படித் தெரியும்? நரம்பின் பாதையில் விரலால் தட்டினால் சுருக்கென்று ஓடும் இடம் மாதந்தோறும் கீழே நகர வேண்டும். 1915-ல் டினெல் எழுதிய சோதனை இது.

மாற்றுத்திறனாளி சான்று? நரம்பு வளரும் காலத்தில் தற்காலிகச் சான்றுதான் கிடைக்கும்.

கிரிவலம்? கையில் அறுவை செய்தவர் பௌர்ணமிக் கூட்டத்தில் தோள் இடிபடாத நாளாகப் பார்த்து நடக்கலாம். கால் நரம்பு தைத்தவருக்குப் பாதத்தில் உணர்வு திரும்பும்வரை வெறுங்கால் நடை ஆகாது; அடி அண்ணாமலைப் பக்கம் பிற்பகல் வெயிலில் காய்ந்த தார்ச்சாலையில் கொப்புளம் போட்டாலும் அவருக்குத் தெரியாது.