திறக்க மறுத்த திறன்பேசி

நடு அந்தமானில் உள்ள ரங்கத் என்னும் ஊரில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்வதாகக் கொள்ளலாம். தந்தை கடைவீதியில் தையற்கடை வைத்திருப்பவர். சொந்த ஊர் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு சிற்றூர். ஒரு நாள் இரவு அவருடைய திறன்பேசியில், "புதிய மென்பொருள் வந்துள்ளது. நிறுவலாமா?" என்று ஒரு வினா தோன்றியது. "ஆம்" என்பதைத் தொட்டுவிட்டு அவர் உறங்கச் சென்றார்.

காலையில் வழக்கம்போலக் கட்டைவிரலை வைத்தார், திரை திறக்கவில்லை. பேசி மறுபடி தொடங்கியிருப்பதால் கடவு எண் தேவை என்ற அறிவிப்பும், ஆறு எண்களுக்குரிய வெற்றிடங்களும் மட்டுமே தெரிந்தன. அந்த எண் அவருக்குத் தெரியாது. பேசியை அமைத்துக் கொடுத்தவன் மூத்த மகன். எப்போதாவது கடவு எண் கேட்டால் அவனே அழுத்தித் தருவான். அவன் சென்ற வாரந்தான் கல்லூரிப் படிப்புக்காகச் சென்னைக்குக் கப்பலேறினான். பேசிக்குள் வாடிக்கையாளர்களின் அளவுக் குறிப்புகள் இருந்தன. வரவேண்டிய பாக்கிக் கணக்கு இருந்தது. இவற்றையெல்லாம்விட, சென்ற ஆண்டு மறைந்த அவருடைய தாயின் குரற்பதிவுகள் இருந்தன. அவற்றுக்கு வேறெங்கும் படி இல்லை.

இவ்வளவு பெரிய மென்பொருள் இரவோடு இரவாக வந்து இறங்குவது அத்தீவுகளுக்கு மிகப் பழைய வழக்கமன்று. நெடுங்காலம் அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செய்தித் தொடர்பு செயற்கைக்கோள் வழியாகவே நடந்தது. அவ்வழி குறுகியது, பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் நெரிசல் மிகும். புதுப்பிப்பு ஒன்றின் அளவு 1 ஜி.பி. எனில், அது ஏறத்தாழ 800 கோடி பிட்டுகளாகும். நொடிக்கு 5 இலட்சம் பிட்டுகள் வரும் இணைப்பில் அதனை இறக்க ஏறத்தாழ நாலரை மணி நேரம் ஆகும். இடையில் இணைப்பு அறுந்தால் காத்திருப்பு இன்னும் நீளும். நொடிக்கு 1 கோடி பிட்டுகள் வரும் இணைப்பிலோ 14 நிமிடங்களுக்குள் முடிந்துவிடும்.

இந்நிலையை மாற்றியது கடலடியில் இடப்பட்ட ஒளியிழை வடம். 2018 டிசம்பர் 30 அன்று, அப்போது போர்ட் பிளேர் என்று வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்தில் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2020 ஆகஸ்டு 10 அன்று அது பயன்பாட்டுக்கு வந்தது. பி.எஸ்.என்.எல். நிறுவனம் நிறைவேற்றிய இத்திட்டத்தில் வடத்தின் நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். சென்னையிலிருந்து புறப்படும் வடம் ஸ்ரீ விஜயபுரத்தை அடைந்து, சுவராஜ் தீவு, லாங் தீவு, ரங்கத், ஹட்பே, கார் நிக்கோபார், கமோர்ட்டா, கேம்பல் பே ஆகிய இடங்களையும் இணைக்கிறது. கப்பல் மூன்று நாள் அளவில் கடக்கும் கடலைச் செய்தி கண்ணிமைக்கும் நேரத்தில் கடக்கிறது. புதுப்பிப்புகளும் அவ்வழியே வருகின்றன. அவற்றை வேண்டாத விருந்தாளிகளாகக் கருதுவோர் உண்டு. ஆனால் மென்பொருளில் திருடர் நுழையக்கூடிய ஓட்டைகள் அவ்வப்போது தெரியவருகின்றன. அவற்றை அடைப்பதே புதுப்பிப்பின் முதன்மையான பணி.

நேற்று வரை ஏற்றுக்கொண்ட விரலைப் பேசி இன்று ஏன் மறுக்கிறது? இதில் மென்பொருளின் பிழை எதுவும் இல்லை. பேசி அவ்வாறே வடிவமைக்கப்பட்டுள்ளது.

திறன்பேசியில் உள்ள படங்களும் குரல்களும் எழுத்துகளும் நாம் காணும் வடிவில் சேமிக்கப்படுவதில்லை. எவருக்கும் விளங்காதவாறு குலைத்து வைக்கப்படுகின்றன. இதற்கு மறைகுறியாக்கம் என்று பெயர். குலைத்ததை மீண்டும் ஒழுங்குபடுத்த ஒரு திறவுகோல் வேண்டும். உரிமையாளர் அழுத்தும் கடவு எண்ணும், பேசியின் சில்லுக்குள் புதைந்துள்ள ஓர் இரகசிய எண்ணும் சேர்ந்தால்தான் அத்திறவுகோல் உருவாகும். சில்லில் உள்ள எண்ணை வெளியே எடுக்க இயலாது. ஆகவே, சேமிப்பகத்தை மட்டும் ஒரு கணினிக்குப் படியெடுத்து, அங்கே கடவு எண்ணைத் தேடவும் வழியில்லை.

ஒரு வீட்டுக்காரர் காலையில் சாவியால் கதவைத் திறந்துவிட்டுத் திண்ணையில் ஒரு காவலாளை அமர்த்துகிறார். காவலாள் முகம் பார்த்து வீட்டாரை உள்ளே விடுவான், அயலாரைத் தடுப்பான். ஆனால் அவனிடம் சாவி கிடையாது. விரல்ரேகை அத்தகைய காவலாள். பேசி இயங்கிக்கொண்டிருக்கும் வரை, முன்பு கடவு எண்ணால் உருவான திறவுகோல் அதனுள்ளே தயாராக இருக்கும். ஆதலால் விரலே போதும். புதுப்பிப்பு முடிவில் பேசி அணைந்து மறுபடி தொடங்கும்போது அத்திறவுகோல் அழிந்துவிடுகிறது. கதவு மீண்டும் பூட்டப்பட்ட வீட்டின் முன் காவலாளால் என்ன செய்ய முடியும்?

அந்நிலையிலும் பேசி முற்றிலும் உறங்கிவிடுவதில்லை. 112 என்னும் அவசர உதவி எண்ணை அழைக்கலாம். சிம் அட்டைக்கெனத் தனிப்பூட்டு இல்லையெனில், வெளியிலிருந்து வரும் அழைப்புக்கு மணி ஒலிக்கும். எடுத்துப் பேசவும் இயலும். ஆனால் அழைப்பவர் பெயர் தோன்றாது. எண் மட்டுமே தோன்றும். பெயர்கள் அடங்கிய பட்டியலும் பூட்டிய வீட்டுக்குள் அல்லவா இருக்கிறது!

தந்தை தமக்குத் தோன்றிய எண்களை அழுத்திப் பார்த்தார். ஐந்தாறு முறைக்குப் பின் பேசி அவரைக் காத்திருக்கச் சொன்னது. இக்காத்திருப்புக்கும் காரணம் உண்டு. ஆறு இலக்கங்களால் 10 இலட்சம் எண்களை அமைக்கலாம். நொடிக்கு ஒன்றாக இடைவிடாமல் முயன்றால் 12 நாள்களுக்குள் அனைத்தையும் பார்த்துவிடலாம். நான்கு இலக்கங்கள் எனில் மூன்று மணி நேரங்கூட வேண்டாம். எனவே ஒவ்வொரு தவறுக்கும் காத்திருப்பு நொடிகளிலிருந்து நிமிடங்களாகவும் பின்பு மணிகளாகவும் வளர்கிறது. பத்துத் தவறுகளுக்குப் பின் உள்ளிருப்பவை அனைத்தையும் அழித்துவிடுமாறு அமைக்கக்கூடிய பேசிகளும் உள்ளன.

பேசியைச் செய்த நிறுவனத்தைக் கேட்டால் எண்ணைச் சொல்லாதா என்று பலர் நினைப்பர். அந்நிறுவனத்துக்கும் அது தெரியாது. 2016 பிப்ரவரியில், ஒரு குற்ற வழக்கில் சிக்கிய ஐபோனைத் திறக்க அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. முயன்றது. கடவு எண் முயற்சிகளுக்கு உள்ள தடைகளை நீக்கும் தனி மென்பொருளை எழுதித் தருமாறு ஆப்பிள் நிறுவனத்துக்கு நீதிமன்றம் ஆணையிட்டது. ஒரு பேசிக்காக எழுதப்படும் மென்பொருள் எல்லாப் பேசிகளுக்கும் கள்ளச்சாவி ஆகிவிடும் என்று ஆப்பிள் மறுத்தது. மார்ச்சு இறுதியில் வேறொரு தரப்பின் உதவியால் பேசியைத் திறந்துவிட்டதாகக் கூறி அரசு வழக்கைக் கைவிட்டது.

நிறுவனங்களே பிழை செய்த நேரங்களும் உண்டு. அதே 2016 மார்ச்சில் வெளிவந்த ஐ.ஓ.எஸ். 9.3 புதுப்பிப்பு, ஐபேடு 2 போன்ற பழைய கருவிகளில், முதன்முதலாக அமைத்தபோது கொடுத்த கணக்கையும் கடவுச்சொல்லையும் கேட்டது. அவற்றை மறந்திருந்தோர் வெளியே நிற்க நேர்ந்தது. அக்கருவிகளுக்கான புதுப்பிப்பை ஆப்பிள் நிறுத்திவைத்துத் திருத்தி வெளியிட்டது. 2023 அக்டோபரில், ஒரே பேசியைப் பலர் தனித்தனிக் கணக்குகளுடன் பயன்படுத்திய கூகுள் பிக்சல் பேசிகள் சிலவற்றில், ஆண்ட்ராய்டு 14 நிறுவப்பட்ட பின் உரிமையாளர்களாலேயே தம் சேமிப்பகத்தை அடைய முடியவில்லை. கடவு எண்ணைச் சரியாக அறிந்தவர்களுக்கும் இத்துன்பம் நேர்ந்தது என்பது கருதத்தக்கது.

கடைவீதியில் பேசி பழுது பார்ப்பவர் ஒரே வழிதான் சொன்னார்: அனைத்தையும் அழித்துப் புதுப்பேசிபோல் ஆக்குவது. அவ்வாறு செய்தாலும், முன்பிருந்த கூகுள் கணக்கின் கடவுச்சொல்லையோ பழைய கடவு எண்ணையோ பேசி கேட்கும். திருடிய பேசியை எவரும் விற்றுப் பயன்பெறாதிருக்க, ஆப்பிள் 2013இலும் ஆண்ட்ராய்டு 2015இலும் கொண்டுவந்த காப்பு இது. தையற்கடைக்காரர் அழிக்கச் சம்மதிக்கவில்லை. அளவுகளை மீண்டும் எடுக்கலாம்; பாக்கியைக் கேட்டு வாங்கலாம்; தாயின் குரலை எங்கே போய்க் கேட்பது?

மாலையில் பேசி ஒலித்தது. திரையில் பெயரில்லாத ஓர் எண். எடுத்தால், சென்னையிலிருந்து மகன்.

"என்னப்பா, காலையிலிருந்து நான் அனுப்பிய செய்தி எதையும் பார்க்கவில்லையே?"

தந்தை நடந்ததைக் கூறினார். மகன் சிரித்தான். "நம் ஊர் அஞ்சல் குறியீட்டு எண்தானப்பா அது. அப்பத்தாவுக்குக் கடிதம் எழுதும்போதெல்லாம் உறைமேல் எழுதுவீர்களே!"

கடவு எண்ணாக வைக்க அது நல்ல எண் அன்று. குடும்பத்தை அறிந்த எவரும் ஊகிக்கக்கூடியது. ஆயினும் தந்தைக்கு அது மனப்பாடம். பேச்சை முடித்ததும் ஆறு இலக்கங்களையும் ஒவ்வொன்றாக அழுத்தினார். திரை திறந்தது. வந்த அழைப்புகளின் பட்டியலில், சற்றுமுன் வெறும் எண்ணாக இருந்த இடத்தில் மகனின் பெயர் இருந்தது.