பழைய மில்லிங் மெஷினை வீட்டில் வைக்கப் போகிறீர்களா? முதல் செலவு எதற்கு?

மெக்கானிக்கல் படித்துவிட்டு லேப்டாப் முன்னால் வேலை பார்க்கும் பலருக்கும் ஓர் ஆசை உண்டு: வீட்டிலேயே ஒரு சின்ன பட்டறை. டிரோன் பிராக்கெட், பைக் ஸ்பேர், ரோபோ பாகம் என மனதில் இருப்பதை உலோகத்தில் செய்து பார்க்கணும். வீட்டில் இருக்கும் 3டி பிரின்டர் பிளாஸ்டிக்கோடு நின்றுவிடும். அலுமினியத்தையும் இரும்பையும் சீவ மில்லிங் மெஷின் வேண்டும். புதிது விலை அதிகம் என்பதால், மேஜை மேல் வைக்கும் 'பெஞ்ச்டாப்' மாடல்களை செகண்ட் ஹேண்டில் தேடுகிறார்கள்.

மெஷின் வந்ததுமே சிஎன்சி கிட், டிஜிட்டல் டிஸ்ப்ளே என்று கார்ட்டில் சேர்க்கத் தோன்றும். ஆனால் ஆட்டம் கண்ட மெஷினில் சிஎன்சி மாட்டினால், அதே தவறை இன்னும் வேகமாகச் செய்யும், அவ்வளவுதான். முதலில் அளவெடுங்கள், பிறகு சரிசெய்யுங்கள், அப்கிரேடு அதற்குப் பிறகுதான். ஆக, முதல் செலவு ஒரு டயல் கேஜும் அதைப் பிடிக்கும் மேக்னட் ஸ்டாண்டும்.

வாங்கும் முன் எதைப் பார்க்கணும்?

லேத்தில் ஜாப் சுற்றும், டூல் நகரும். மில்லிங்கில் கட்டர் சுற்றும், ஜாப் டேபிளோடு நகரும். அதனால் ஸ்பிண்டில், டேபிள் இரண்டின் நிலைமைதான் முக்கியம், பெயின்ட் அல்ல.

* ஸ்பிண்டிலை 20 நிமிடம் ஓடவிடுங்கள். கரகர சத்தமோ, கை வைக்க முடியாத சூடோ இருந்தால் பேரிங் செலவு காத்திருக்கிறது.
* டேபிள் கைப்பிடியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுற்றுங்கள். நடுவில் லூஸாகவும் ஓரங்களில் டைட்டாகவும் இருந்தால், அதிகம் ஓடிய நடுப்பகுதி தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். நடுவுக்கு ஏற்ப டைட் செய்தால் ஓரத்தில் சிக்கும்.
* மாடலைக் கவனியுங்கள். சீக் நிறுவனத்தின் எக்ஸ்2 வகை சின்ன மெஷின்களில் பிளாஸ்டிக் கியர் இருக்கும். கட்டர் சிக்கினால் முதலில் உடைவது அதுதான். உருளைத் தூண் கொண்ட மாடல்களில் ஹெட்டை ஏற்றி இறக்கினால் அது பக்கவாட்டில் திரும்பிவிடும். ஜாப்பின் நிலையை மறுபடி பிடிக்கணும்.

எங்கே வைப்பது?

எக்ஸ்2 வகையே 50 கிலோவைத் தாண்டும். தூக்கும்போது கைப்பிடிச் சக்கரத்தைப் பிடிக்காதீர்கள், ஸ்க்ரூ வளையும். வைஸையும் ஹெட்டையும் தனியாகக் கழற்றி ஏற்றுவது நல்லது. கம்ப்யூட்டர் டேபிள் இதற்குத் தாங்காது. பக்கத்து வெல்டிங் கடையில் ஆங்கிளில் ஒரு ஸ்டாண்ட் அடித்து, மெஷினை அதில் போல்ட் போட்டு இறுக்குங்கள். அப்பார்ட்மென்ட்டில் மாடி வீடு என்றால், கீழ் வீட்டுக்காரரின் தூக்கத்தையும் கணக்கில் எடுங்கள்.

கரன்ட் விஷயம்

பட்டறையிலிருந்து வரும் மெஷினில் பெரும்பாலும் த்ரீ ஃபேஸ் மோட்டார் இருக்கும். சிங்கிள் ஃபேஸ் வீட்டில் அதை ஓட்ட விஎஃப்டி எனும் டிரைவ் வேண்டும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் அதோடு வரும். ஆனால் சாதாரண சிங்கிள் ஃபேஸ் டிரைவ் 230 வோல்ட்தான் தரும். மோட்டாரை 230 வோல்ட் டெல்டாவில் இணைக்க முடியுமா என்று பிளேட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். எர்த்திங்கை எலக்ட்ரீஷியன் சோதிக்கட்டும்.

இன்னொன்று, கட்டாயம்: 'நோ-வோல்ட்' சுவிட்ச். கரன்ட் போய்த் திரும்பி வந்தால், சாதாரண சுவிட்ச் ஆனிலேயே இருப்பதால் கட்டர் தானாகச் சுற்றும். அந்த நேரத்தில் உங்கள் கை ஜாப் மேல் இருக்கலாம். கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டர் மாதிரி, பச்சை பட்டனை மறுபடி அழுத்தினால்தான் ஓடணும்.

ட்ராம், ஆட்டம்: இரண்டு அளவுகள்

ஸ்பிண்டில் டேபிளுக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்ப்பதுதான் ட்ராம். டயல் கேஜை ஸ்பிண்டிலில் மாட்டி, கையால் சுற்றி, டேபிளின் இடது வலது ஓரங்களைத் தொடச் செய்யுங்கள். 200 மி.மீ. இடைவெளியில் 0.04 மி.மீ. வித்தியாசம் வந்தால், 100 மி.மீ.க்கு 0.02 சாய்வு. போல்ட்டை லேசாகத் தளர்த்தி, பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டி நேராக்குங்கள். இறுக்கும்போது நகரும் என்பதால் மறுபடி அளக்கணும். முன்-பின் சாய்வு என்றால், தூணின் அடியில் மெல்லிய ஷிம் தகடு வைக்கணும்.

அடுத்தது பேக்லாஷ், அதாவது ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் இடையிலான ஆட்டம். கேஜை டேபிளில் தொடவைத்து ஒரு பக்கம் சுற்றுங்கள். பிறகு எதிர்ப்பக்கம் திருப்புங்கள். கைப்பிடி டயலில் ஒரு கோடு 0.01 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 15 கோடு தாண்டிய பிறகுதான் முள் அசைகிறது என்றால், ஆட்டம் 0.15 மி.மீ. இரண்டு தலைமுடி கனம். நட்டை அட்ஜஸ்ட் செய்தால் இது குறையும். டேபிளின் பக்கவாட்டு ஆட்டத்துக்கு 'ஜிப்' பட்டையின் ஸ்க்ரூக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கணும். இரண்டுக்கும் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம்.

அப்கிரேடு எந்த வரிசையில்?

1. நல்ல வைஸ், கொலட் செட். ஜாப்பும் கட்டரும் அசைந்தால் மற்றதெல்லாம் வீண்.
2. பிளாஸ்டிக் கியர் இருந்தால் பெல்ட் டிரைவ். சத்தம் குறையும், கட்டர் சிக்கினாலும் பெல்ட் வழுக்கிக் காப்பாற்றும்.
3. டிஆர்ஓ எனும் டிஜிட்டல் அளவுகாட்டி. டேபிள் நகர்ந்த தூரத்தை நேரடியாகக் காட்டும். ஸ்க்ரூ ஆட்டம் கணக்கில் வராது. ஆனால் கட்டர் டேபிளை இழுப்பதை இது தடுக்காது.
4. சிஎன்சி கடைசியில். அதற்கு பால் ஸ்க்ரூவும் வேண்டும். அதைப் போட்ட பிறகு கையால் ஓட்டினால், கட்டரின் விசையில் டேபிள் தானாக நகரக்கூடும்.

விரல் முக்கியம்

சுற்றும் கட்டர் அருகே கிளவுஸ் கூடவே கூடாது. நூல் சிக்கினால் கையோடு இழுக்கும். செயின், லூஸான ஸ்லீவ், துண்டு, அவிழ்ந்த முடி எல்லாவற்றுக்கும் இதே விதி. கண்ணாடி கட்டாயம். சீவலை மெஷினை நிறுத்திவிட்டு பிரஷ்ஷால் தள்ளுங்கள். ஸ்பிண்டில் மேலே ஸ்பேனரை விட்டுவிட்டு ஸ்விட்ச் போடாதீர்கள்.

முதல் ஜாப்

ஒரு சின்ன அலுமினியக் கட்டையின் ஆறு பக்கங்களையும் சமமாகச் சீவிப் பாருங்கள். வேகத்துக்கு எளிய கணக்கு: வெட்டு வேகம் × 1000, அதை 3.14 × கட்டர் விட்டத்தால் வகுக்கணும். எச்எஸ்எஸ் கட்டரில் சாதா இரும்புக்கு நிமிடத்துக்கு 25 மீட்டர் என்று வைத்தால், 10 மி.மீ. கட்டருக்கு சுமார் 800 சுற்று. அலுமினியத்துக்கு இதைவிட மூன்று மடங்கு வரை போகலாம். டேபிளை கட்டரின் சுழற்சிக்கு எதிராகத் தள்ளுங்கள். அதே திசையில் தள்ளினால், ஆட்டம் உள்ள மெஷினில் கட்டர் ஜாப்பை இழுத்துக்கொள்ளும்.

சீவிய கட்டையை மூலைமட்டத்தில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் கார்ட்டை மூடிவிட்டு, டயல் கேஜை மறுபடி எடுங்கள்.